தாயின் சர்க்கரை ஏறினால் பாலும் இனிக்குமா?

கேள்வி: பிப்ரவரி 4, இரவு 11.20

எனக்கு முதல் வகை நீரிழிவு. குழந்தைக்கு ஏழு வாரம். இன்று மாலை என் சர்க்கரை 214 இருந்தது. அந்த நிலையில் பால் கொடுக்க மனம் வராமல், பீய்ச்சி எடுத்த பாலில் ஒரு சொட்டை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் வைத்துப் பார்த்தேன். 31 என்று காட்டியது. மீட்டர் பழுதா, என் பாலில் சத்தே இல்லையா, அல்லது இரத்தச் சர்க்கரை பாலுக்குப் போவதே இல்லையா? தாய்க்குச் சர்க்கரை ஏறியிருக்கும்போது குழந்தை குடிப்பது சர்க்கரைத் தண்ணீர் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா?

பதில்: பிப்ரவரி 5, அதிகாலை 5.10

பால் கொடுங்கள். 214 என்பது நீங்கள் இன்சுலினால் திருத்திக்கொள்ள வேண்டிய எண். பாலைக் கொட்ட வேண்டிய எண் அன்று. எனக்கும் முதல் வகைதான், பத்தொன்பது ஆண்டுகளாக. இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்தேன். விளக்கத்தைப் பகலில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, பிற்பகல் 2.30

தாய்ப்பாலின் இனிப்பு குளுக்கோஸால் வருவதன்று, லாக்டோஸால் வருவது. முதிர்ந்த தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. தனித்து நிற்கும் குளுக்கோஸோ அதே 100 மில்லிலிட்டரில் முப்பது மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும், அதாவது இரத்தத்தில் இருப்பதைக் காட்டிலும் மிகக் குறைவாக. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் குளுக்கோஸை மட்டுமே காணும். லாக்டோஸ் அதன் கண்ணில் படாது. மீட்டர் காட்டும் எண்ணும் 100 மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான். ஆகவே உங்கள் 31 மீட்டரின் பழுதும் அன்று, பாலின் குறையும் அன்று.

மார்பின் பால் சுரக்கும் செல்கள் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. தசையும் கொழுப்பும் குளுக்கோஸை வாங்க இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். இந்தச் செல்களின் வாயில் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. உள்ளே வந்த குளுக்கோஸில் ஒரு பகுதி காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக மாற்றப்பட்டு, இன்னொரு குளுக்கோஸுடன் பிணைக்கப்பட்டு லாக்டோஸாகிறது. ஒருமுறை லாக்டோஸாகிவிட்டால் அது செல்லின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குத் திரும்ப முடியாது. பால் அறைக்குள் இறங்கித் தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். இரத்தமும் பாலும் ஒரே அடர்த்தியில் நிற்கும்வரை தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். எனவே லாக்டோஸ் கூடுதலாக உருவானால் பாலின் அளவு கூடுமேயன்றி இனிப்பு கூடாது. தாய் என்ன சாப்பிட்டாலும், அவளது சர்க்கரை 80 ஆனாலும் 280 ஆனாலும், பாலின் லாக்டோஸ் அநேகமாக ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1990களில் அமெரிக்காவில், நன்றாகப் பால் சுரக்கும், நீரிழிவு இல்லாத தாய்மாருக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்தி, இரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்கள். பாலில் தனிக் குளுக்கோஸ் கூடியது. லாக்டோஸ் உருவாகும் வேகமும் பாலின் அளவும் மாறவில்லை.

பிப்ரவரி 5, இரவு 9.45

"குளுக்கோஸ் கூடியது என்று நீங்களே சொல்கிறீர்களே, அது குழந்தைக்குப் போகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

குழந்தை நாளுக்கு 800 மில்லிலிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். பாலின் தனிக் குளுக்கோஸ் 100 மில்லிலிட்டருக்கு 27 மில்லிகிராம் என்றால் ஒரு நாளில் போவது 0.2 கிராம். உங்கள் சர்க்கரை நாள் முழுவதும் ஏறியே கிடந்து, பாலின் குளுக்கோஸும் மும்மடங்காகிவிட்டது என்று மிகைப்படுத்தியே எடுத்துக்கொண்டாலும் 0.65 கிராம். கூடுதல் அரை கிராம்கூட இல்லை. இரண்டு கலோரிக்கும் குறைவு. அதே பாலில் லாக்டோஸாக 56 கிராம் சர்க்கரை எப்படியும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்த 56 கிராமைக் கண்டு அஞ்சாதவர்கள் இந்த அரை கிராமைக் கண்டு அஞ்சுவதில் பொருளில்லை.

இந்தக் கணக்கு பால் கொடுப்பதற்குத்தான். உயர் சர்க்கரையை விட்டுவைப்பதற்கு அன்று, ஏனென்றால் அதனால் கெடுவது உங்கள் உடல். 250க்கு மேல் போய் இறங்க மறுத்தால் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், மருத்துவரை அழையுங்கள். மற்றபடி மாவுச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் சர்க்கரை தானாக அடங்கும்.

பிப்ரவரி 6, காலை 7.00

இரவு படுத்த பிறகு அந்த 56 கிராம் என்னை விடவில்லை. அதில் பாதிதான் குளுக்கோஸ், ஆகவே தாயின் இரத்தத்திலிருந்து போவது 28 கிராம் என்று மனத்துக்குள் வைத்திருந்தேன். தவறு. மறுபாதியான காலக்டோஸும் தாயின் குளுக்கோஸிலிருந்துதான் பெரும்பாலும் செய்யப்படுகிறது. இரண்டும் பிணையும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோவதையும் சேர்த்தால், 56 கிராம் லாக்டோஸுக்கு ஏறத்தாழ 59 கிராம் சர்க்கரை வேண்டும். தாய் நீண்ட நேரம் உண்ணாதிருக்கும்போது மார்பே கிளிசரால் முதலியவற்றிலிருந்து ஒரு பங்கைச் செய்துகொள்ளும் என்பதால், முழுவதும் இரத்தத்திலிருந்து போகிறது என்று சொல்ல மாட்டேன். உண்ட நிலையில் பெரும்பங்கு அங்கிருந்துதான்.

59 கிராம் ஒரு நாளுக்கு என்றால் மணிக்கு ஏறத்தாழ 2.5 கிராம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அதில் எந்த நேரமும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம்தான். அதில் பாதிக்குச் சமமான அளவை மார்பு மணிக்கொருமுறை எடுத்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் தூங்கும்போதும்.

ஆகவே உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் சர்க்கரை பாலை என்ன செய்கிறது என்பதில் அச்சப்பட அதிகம் இல்லை. பால் உங்கள் சர்க்கரையை என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. 214ஐப் பற்றி எழுதினீர்கள். இரவில் எவ்வளவு வரை இறங்குகிறது என்று எழுதவே இல்லையே?

பிப்ரவரி 8, இரவு 10.15

இரவில் மூன்று முறை 60க்குக் கீழே போனது என்று உங்கள் பதில் சொல்கிறது. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

என் மூத்த மகளுக்கு ஒன்பது வாரம் இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். படுக்கும்போது சர்க்கரை 142. விடியற்காலை 2.40க்கு அவள் அழுதாள். எடுத்து வலப் பக்கம் விட்டேன். பத்து நிமிடத்தில் மேலுதடு வியர்த்தது. அவளோ வாயை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள், பால் இறங்கவில்லை. சர்க்கரை இறங்கி உடலில் அட்ரினலின் என்ற அவசரகால ஹார்மோன் பொங்கும்போது பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் அடங்கிவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அப்போது எனக்குப் பால் வற்றிவிட்டது என்ற எண்ணம் மட்டுமே வந்தது. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, பல்லால் டப்பாவைத் திறந்து இரண்டு குளுக்கோஸ் மாத்திரைகளை மென்றேன். உடனே விரலைக் குத்திப் பார்த்தால் 163. நிம்மதியாக மாத்திரை டப்பாவை மூடிவிட்டேன். நடுக்கம் நிற்கவில்லை. என் கணவர் விழித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் என் விரலைத் துடைத்து மறுபடி குத்தினார்: 58. அந்த 163 என் இரத்தத்தின் எண்ணே அன்று. விரல் நுனியில் ஒட்டியிருந்த மாத்திரைத் தூளின் எண்.

பால் கொடுக்கும் நேரத்தில் ஏன் இறங்குகிறது என்பதற்கு, குழந்தை குடிக்கும் பாலோடு சர்க்கரை அப்படியே போய்விடுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். குடிக்கப்படும் பால் முன்பே செய்து வைக்கப்பட்டது. அதற்கான சர்க்கரை எப்போதோ போய்விட்டது. ஆனால் மார்பு காலியாகக் காலியாகப் புதிய பால் செய்யும் வேகம் கூடுகிறது. அதனால் கொடுக்கும்போது மட்டுமன்றி, கொடுத்து முடித்த பிறகும் இழுப்பு தொடர்கிறது. நீரிழிவு இல்லாத தாயின் உடல் இன்சுலினைத் தானே குறைத்துக்கொண்டு, கல்லீரலிலிருந்து குளுக்கோஸை விட்டுச் சமன் செய்துவிடும். நாமோ இரவு பத்து மணிக்குப் போட்ட இன்சுலினை மூன்று மணிக்குத் திரும்பப் பெற முடியாது. அது இருக்கும்வரை கல்லீரலும் குளுக்கோஸை வேண்டிய அளவு விடாது. போதாக்குறைக்கு, நஞ்சுக்கொடி வெளியேறியதுமே இன்சுலின் தேவை செங்குத்தாகச் சரிந்துவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதத்து அளவோடு வீடு திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவரிடம் பேசி இரவு இன்சுலினைக் குறைத்த பிறகுதான் எனக்கு இரவுகள் அடங்கின. அதோடு, பால் கொடுக்க உட்காருமுன் சோதிப்பதும், 15 கிராம் மாவுச்சத்துக்கு ஈடான ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும், விரலைக் கழுவுவதும் பழக்கமாயின. உட்கார்ந்த பிறகு எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், தூங்கும் குழந்தை ஒன்று தம்மேல் கிடந்த அனுபவம் இல்லாதவர்.

பிப்ரவரி 8, இரவு 10.50

விட்டுப்போன ஒன்று. சர்க்கரை இறங்கியிருக்கும்போது முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், பிறகு குழந்தைக்குக் கொடுங்கள். குழந்தை இரண்டு நிமிடம் அழலாம். நீங்கள் மயங்கிவிழக் கூடாது. என் மகள் அந்த இரண்டு நிமிடத்தை எனக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை என்பதே அவளது பொதுவான நடத்தையிலிருந்து நான் அறிவது.

பிப்ரவரி 11, மாலை 4.00

எல்லாவற்றையும் வேகமாகப் படித்துவிட்டு, "ஆகவே தாயின் சர்க்கரைக்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை" என்று ஒருவர் முடித்திருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படித் தோன்றும்படி எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். தொடர்பு இருக்கிறது. அது பாலின் இனிப்பில் இல்லை, பால் எப்போது வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின், கர்ப்பத்தைக் காத்த புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் விழுந்ததும் மார்பு விழித்துக்கொள்கிறது. முதலில் இருப்பது சீம்பால். அளவிலும் லாக்டோஸிலும் குறைவு. பெரும்பாலோருக்கு இரண்டு அல்லது மூன்று நாளுக்குள் மார்பு கனத்துப் பால் பொங்கும். இந்த மாற்றத்துக்குச் சுரப்பிச் செல்கள் முதிர வேண்டும், அதற்கு இன்சுலினின் பங்கு உண்டு. குளுக்கோஸ் உள்ளே வர இன்சுலின் வேண்டாம் என்று 5ஆம் தேதி எழுதினேன், அது சரி. ஆனால் அந்தச் செல்லைப் பால் செய்யும் செல்லாக ஆக்குவதற்கு இன்சுலின் வேண்டும். முதல் வகை நீரிழிவுள்ள தாய்மாருக்குப் பால் பொங்குவது ஏறத்தாழ ஒரு நாள் தள்ளிப்போகிறது. கர்ப்பகால நீரிழிவுக்கு இன்சுலின் எடுத்தவர்களிடமும், உடல் எடை மிகுந்தவர்களிடமும் இந்தத் தாமதம் கூடுதலாகக் காணப்படுகிறது.

அந்த ஒரு நாளின் விலை பெரிது, ஏனென்றால் அதே நாளில்தான் குழந்தையின் சர்க்கரையும் விழுகிறது. கருவில் இருந்தபோது தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போயிற்று, தாயின் இன்சுலின் தாண்டவில்லை. ஆகவே குழந்தை தன் கணையத்தால் நிறைய இன்சுலின் சுரந்து சமாளித்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடுகிறது, குழந்தையின் இன்சுலினோ உடனே நிற்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்றும், குதிகாலில் குத்திக் குத்திச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான்.

என் மூத்தவளுக்கு அப்படித்தான் விழுந்தது. என்னைக் கேளாமலே புட்டிப்பால் கொடுத்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் பால் வராது" என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஐந்தாம் நாள் பால் வந்தது. அந்த ஐந்து நாளும் நான் அவர் சொல்லை நம்பினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. புட்டிப்பால் கொடுத்தது சரியே, குழந்தையின் சர்க்கரையைத் தூக்கியாக வேண்டும். அதைச் சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது பிள்ளையின்போது என் மருத்துவரின் இசைவோடு 36ஆம் வாரம் முதல் சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சேர்த்தேன். ஆஸ்திரேலியாவில் நீரிழிவுள்ள 635 கர்ப்பிணிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு இதனால் தீங்கில்லை என்று காட்டியிருந்தது. முதல் நாள் பதினைந்து நிமிடம் முயன்று கிடைத்தது மஞ்சளாக, பசைபோல, ஒரு மில்லி ஊசிக்குழலில் 0.3ஐக்கூட எட்டாத ஒரு கோடு. அதை மூடி, தேதி எழுதி, உறைய வைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிரசவத்தன்று பதினோரு குழல்கள் இருந்தன. அவனுக்கு முதல் நாள் சர்க்கரை 41க்கு இறங்கியபோது, வேண்டியது அவற்றில் இருந்தது.

பிப்ரவரி 12, காலை 6.30

மருந்து பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. இன்சுலின் பாலில் இயல்பாகவே உண்டு. அது புரதம் என்பதால் பெரும்பாலும் குழந்தையின் வயிற்றில் செரித்துவிடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பாலில் செல்கிறது, ஆனால் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் தாயின் அளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளைப் பால் கொடுக்கும் காலத்தில் பரிந்துரைப்பதில்லை. எதையும் நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

பிப்ரவரி 15, இரவு 8.20

சற்று விலகிப் போகிறேன், முற்றிலும் விலகவில்லை. என் பெரியம்மாவுக்குக் குழந்தை பிறந்த சில வாரங்களில், சிறுநீரை நீலக் கரைசலில் இட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்து, அது செங்கல் நிறமானதும் நீரிழிவு என்று முடிவு கட்டி, இனிப்பை அடியோடு நிறுத்தினார்களாம். பிள்ளை பால் மறந்ததும் "நோய்" குணமாகிவிட்டது. எந்த மருந்து குணப்படுத்தியது என்பதில் குடும்பத்துக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

அந்தக் கரைசல் பெனடிக்ட் கரைசல். அது குளுக்கோஸைத் தனியே அறியாது. ஒடுக்கும் தன்மையுள்ள, அதாவது கரைசலிலுள்ள செம்பை மாற்றவல்ல, எந்தச் சர்க்கரைக்கும் நிறம் மாறும், லாக்டோஸுக்கும் மாறும். பால் கட்டும் நாள்களில் மார்பிலிருந்து சிறிது லாக்டோஸ், செல்லின் சுவரைத் தாண்டியல்ல, செல்களுக்கிடையே உள்ள இடுக்கு வழியாக இரத்தத்துக்குக் கசிந்து, இரத்தத்தில் அதை உடைக்க வழியில்லாததால் சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். அது இரத்தச் சர்க்கரையின் அடையாளமே அன்று. இன்றைய சிறுநீர் ஸ்ட்ரிப்பில் குளுக்கோஸுக்கு மட்டுமே உரிய நொதி இருப்பதால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

பிப்ரவரி 19, பிற்பகல் 1.10

பெரியம்மாவைப் பற்றி எழுதியபோது நினைவுக்கு வந்தது, என் மார்பழற்சி. மகனுக்கு மூன்று மாதம். இரண்டு நாளாக என் சர்க்கரை காரணமின்றி 200ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்சுலின் வெயிலில் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் புட்டியைத் திறந்தேன். மகன் இடப் பக்கத்தை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டான். பீய்ச்சி நாக்கில் வைத்துப் பார்த்தேன், உவர்த்தது. மூன்றாம் நாள்தான் காய்ச்சலும் சிவந்த கட்டியும் வந்தன.

அழற்சியில் பால் செல்களுக்கிடையே உள்ள இறுக்கம் தளர்ந்து, இரத்தத்தின் சோடியம் பாலுக்கும் பாலின் லாக்டோஸ் இரத்தத்துக்கும் போகின்றன. ஆகவே தாயின் சர்க்கரை ஏறியிருந்த அந்த நாள்களில் என் பால் இனிக்கவில்லை, உவர்த்தது. கிருமித்தொற்று இரத்தச் சர்க்கரையை ஏற்றும். எண் காரணமின்றி ஏறினால் மார்பைத் தொட்டுப் பாருங்கள், இன்சுலினைக் குறை சொல்வது பிறகு இருக்கட்டும்.

பிப்ரவரி 20, காலை 9.00

கர்ப்பகால நீரிழிவு இருந்து, பிரசவத்தோடு போய்விட்டதே என்று எழுதியவருக்கு: போய்விட்டதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைத் தவறவிடாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கிடையே பால் கொடுத்தால் எண் சிறிதளவு குறைந்து வரலாம். கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள், குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். அமெரிக்காவில் பெண்களை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு, கொடுக்காதவர்களைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைப் பால் வராதவர்களை இடித்துரைக்கப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். அதற்காக நான் எழுதவில்லை.

பிப்ரவரி 27, இரவு 11.00

5ஆம் தேதி இரவு "மாவுச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். இன்று ஒருவர், அதைப் படித்துவிட்டு மாவுச்சத்தை அறவே நிறுத்தியதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து நிறுத்தியதை நிறுத்துங்கள். மார்பு நாளுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும்போது வாய் வழியே எதுவும் வராவிட்டால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களைக் குவிக்கும். நீரிழிவே இல்லாத, பால் கொடுக்கும் தாய்மார்கூடக் கடுமையான மாவுச்சத்துக் குறைப்பால் இரத்தம் அமிலமாகி மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். இன்சுலினை உணவுக்கு ஏற்ப அமைப்பதே நம் வேலை. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 2, காலை 6.15

இன்னொரு திருத்தம். ஸ்ட்ரிப் குளுக்கோஸை மட்டுமே காணும் என்று முதல் நாள் உறுதியாக எழுதினேன். எல்லா ஸ்ட்ரிப்பும் அப்படியன்று. பழைய சில வகைகளில் இருந்த ஒரு நொதி மால்டோஸையும் காலக்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். உங்கள் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் நொதியின் பெயர் அச்சிட்டிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். நானே மறுபடி சோதித்துப் பார்த்திருப்பேன், ஆனால் என் மகனுக்கு நான்கு வயதாகிறது.

மார்ச் 3, இரவு 9.30

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லாக்டோஸ் அதை ஏமாற்றவில்லை. ஸ்ட்ரிப் இரத்தத்துக்காக அளவு செய்யப்பட்டது என்பதால் 31 என்ற எண்ணை அப்படியே நம்ப மாட்டேன். இருபதோ நாற்பதோகூட இருக்கலாம். 214 இல்லை. நேற்று இரவு பால் கொடுக்குமுன் 97, கொடுத்த பின் 88 என்று எழுதியிருந்தீர்கள், அதைத்தான் இருமுறை படித்தேன். பாலுக்கு இனி ஸ்ட்ரிப் செலவழிக்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு உங்களுக்கு அது வேண்டியிருக்கும்.